நிறக்குருடும் சாரதி அனுமதிப்பத்திரமும்

புத்தளம் மாவட்டத்தின் மேற்குக் கரையில், கற்பிட்டித் தீபகற்பத்தின் கடல் முகப்பில் அமைந்துள்ள மீனவச் சிற்றூர் கண்டக்குழி. கிழக்கே புத்தளக் களப்பு, மேற்கே பெருங்கடல், இரண்டுக்கும் இடையே மணலும் தென்னையும் ஓயாத காற்றும். பாலாவிச் சந்தியிற் கொழும்பு வீதியை விட்டுப் பிரியும் பாதை, நுரைச்சோலையையும் தலவில அன்னம்மாள் ஆலயத்துக்குத் திரும்பும் வழியையும் தாண்டி, ஒல்லாந்தர் 1667ஆம் ஆண்டுக்கும் 1676ஆம் ஆண்டுக்கும் இடையிற் கட்டிய கற்பிட்டிக் கோட்டையை நோக்கிச் செல்கிறது. அப்பாதையின் மேற்கே, கடலை ஒட்டிக் கிடக்கிறது இவ்வூர்.

இங்குள்ளோர்க்குத் தொழில் கடலில். ஆனால் கடல் எல்லார்க்கும் எந்நாளும் சோறிடுவதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மூண்டெழும் மாதங்களிற் கரையிலேயே கிடக்கும் வள்ளங்கள் பல. ஆதலால் இக்கரையோரத்து மக்கள் கடந்த பல பத்தாண்டுகளாகக் கடல் கடந்தும் பிழைப்புத் தேடி வந்திருக்கின்றனர். மாவட்டத்தின் தெற்கே வென்னப்புவைப் பகுதியிலிருந்து இத்தாலி நாட்டுக்குச் சென்றோர் தொகை பெரிது. அப்பகுதியைச் ‘சின்ன இத்தாலி’ என்றே அழைக்கும் வழக்கமும் உண்டாயிற்று. 1990ஆம் ஆண்டு ஒக்ரோபரில் வட மாகாணத்தினின்றும் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிற் பெருந்தொகையினர் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் வந்து தங்கினர். நிலமும் தொழிலும் இழந்த அவர்களுட் பலருக்கும் வளைகுடா நாடுகளே நம்பிக்கையாயின. இவ்வாறு புறப்படுவோர் நாடும் தொழில்களுள் முன்வரிசையில் நிற்பது சாரதித் தொழில். அதற்கு நெடிய படிப்பு வேண்டியதில்லை. கையும் காலும் கண்ணும் போதும் என்பது பொதுவான எண்ணம்.

அந்தக் கண்ணில்தான் ஒரு சிலருக்குச் சிக்கல் எழுகிறது. பரிசோதனை மேசையில் வைத்தியர் ஒரு புத்தகத்தை விரிக்கிறார். தாள் நிறையப் பல நிறப் புள்ளிகள். ‘இதில் என்ன இலக்கம் தெரிகிறது?’ என்று கேட்கிறார். முன்னால் இருப்பவனுக்கு எந்த இலக்கமும் தெரியவில்லை. தொலைவில் வரும் வள்ளத்தை மற்றவர்க்கு முன்னே கண்டு சொல்லும் கண் அது. இருட்டிலும் வலையின் கண்ணியைத் தவறவிடாத கண் அது. ஆயினும் அந்தத் தாளில் இருக்கும் இலக்கத்தை மட்டும் காண மாட்டாது. தனக்கு இப்படி ஒரு குறை உண்டு என்பதை அவன் அன்றுதான் முதன்முதலாக அறிகிறான் என்பதும் அரிதன்று.

‘நிறக்குருடு’ என்னும் சொல் சற்றுக் கொடியது. குருடு என்றதும் இருள் நினைவுக்கு வருகிறது. உண்மையில் இவர்களுட் பெரும்பாலார்க்கு உலகம் நிறமற்றுப் போவதில்லை. நீலமும் மஞ்சளும் தெளிவாகத் தெரிகின்றன. செம்மையும் பசுமையும் கபிலமும் தம்முள் மயங்குகின்றன. எல்லா நிறமும் அற்று, வெண்மையும் சாம்பலும் கருமையுமாகவே உலகைக் காண்போர் மிகமிகச் சிலர். பசிபிக்குக் கடலில் மைக்குரோனேசியாவைச் சேர்ந்த பிங்கெலாப்புத் தீவில் மட்டும் அத்தகையோர் விகிதம் வியப்புக்குரிய அளவு உயர்ந்திருக்கிறது. 1775ஆம் ஆண்டளவில் வீசிய பெரும் புயலொன்றுக்குத் தப்பிப் பிழைத்தோர் ஏறக்குறைய இருபது பேர் என்பர். அவர்கள் வழிவந்த சிறு குடியில் அக்குறை பெருகிற்று. வெயிலிற் கண் கூசி ஒதுங்கும் அம்மக்கள் இரவில் மீன்பிடிப்பதில் வல்லவர்கள் என்று அங்கே சென்று கண்டோர் எழுதியுள்ளனர். கடற்றொழில் செய்யும் ஊரார் அறிய வேண்டிய செய்தி இது.

நிறத்தைப் பிரித்தறியாமையும் நிறத்துக்குப் பெயரிடுவதில் உள்ள நெகிழ்ச்சியும் வெவ்வேறானவை. இவ்விரண்டையும் குழப்பியோர் அறிஞருள்ளும் உண்டு. பிரித்தானியப் பிரதமராகப் பின்னாளில் விளங்கிய கிளாட்ஸ்டன், 1858ஆம் ஆண்டில் ஓமரைப் பற்றி எழுதிய நூலில், பண்டைக் கிரேக்கர்க்கு நிறவுணர்வு வளர்ச்சி பெறவில்லை என்று வாதித்தார். அவ்வளவை கொண்டு பார்ப்பின், திருமாலை ஓரிடத்திற் பச்சை என்றும் மற்றோரிடத்தில் நீலம் என்றும் பிறிதோரிடத்திற் கருமை என்றும் பாடிய தமிழ்ப் புலவரனைவரும் நிறக்குருடராவர்! சொல்லின் எல்லை வேறு. கண்ணின் எல்லை வேறு.

இக்குறையைப் பற்றி ஐரோப்பாவில் வெளிவந்த முதல் தெளிவான குறிப்பு ஒரு மாலுமியின் கையால் எழுதப்பட்டது என்பது நினைவுகொள்ளத் தக்கது. யோசேப்பு ஹடார்ட் என்னும் கப்பற்றலைவர், கடல் வரைபடங்கள் ஆக்குவதிற் பெயர் பெற்றவர், 1777ஆம் ஆண்டில் அறிஞர் பிரீஸ்ட்லிக்கு ஒரு கடிதம் எழுதினார். இங்கிலாந்தின் வடமேற்குத் துறைமுகமாகிய மேரிபோட்டைச் சேர்ந்த ஹாரிஸ் என்னும் சப்பாத்துத் தொழிலாளியின் கதை அதில் இருந்தது. ஹாரிஸ் நான்கு வயதுச் சிறுவனாயிருந்தபோது வீதியில் ஒரு குழந்தையின் காலுறையைக் கண்டெடுத்து அயல்வீட்டிற் கொடுத்தான். அங்குள்ளோர் அதைச் ‘சிவப்புக் காலுறை’ என்றனர். காலுறை என்றாலே போதுமே, அதற்கு மேல் ஒரு சொல் எதற்கு என்று அவனுக்கு விளங்கவில்லை. பின்னர், மற்றப் பிள்ளைகள் மரத்திலுள்ள செர்ரிப் பழங்களை இலைகளினின்றும் நிறத்தாற் பிரித்தறிகின்றனர் என்பதையும், தான் உருவாலும் அளவாலும் மட்டுமே அறிவதையும் கண்டான். அவன் உடன்பிறந்தாருள்ளும் இதே பார்வையுடையோர் இருந்தனர். அவருள் ஒருவர் வணிகக் கப்பலொன்றின் தலைவர். நிறம் பிரித்தறியாத ஒருவர் கப்பல் நடத்துவது அன்று யாருக்கும் அச்சம் தரவில்லை. ஏனெனிற் கப்பல்கள் அன்று நிறவிளக்கு ஏந்திச் சென்றதில்லை.

அடுத்து வந்தவர் அணுக்கொள்கையாற் பெயர் பெற்ற யோன் டால்ற்றன். தாவரவியலில் ஈடுபட்டிருந்த அவர், 1792ஆம் ஆண்டில் ஒரு ஜெரேனியப் பூவை மெழுகுதிரி ஒளியிற் பார்த்தார். பகலில் வானத்து நீலமாகத் தோன்றிய அப்பூ இரவிற் செம்மையாகத் தெரிந்தது. நண்பரிடம் கேட்டபோது, அவர்கள் அப்படி ஒரு மாற்றத்தையும் காணவில்லை; தம்பியர்போல உடன் நின்ற சொந்தச் சகோதரர் ஒருவரே தாம் கண்டதைக் கண்டார். 1794ஆம் ஆண்டு ஒக்ரோபர் 31ஆம் நாள் மான்செஸ்டர் இலக்கிய தத்துவக் கழகத்தில் டால்ற்றன் தம் கண்ணைப் பற்றித் தாமே ஓர் உரை நிகழ்த்தினார். தம் விழிக்குள் இருக்கும் நீர் நீல நிறமுடையதாதல் வேண்டும், அது செந்நிற ஒளியை விழுங்கிவிடுகிறது என்பது அவர் கொள்கை. தாம் இறந்தபின் கண்ணை அறுத்துப் பார்க்கும்படியும் சொல்லி வைத்தார். 1844ஆம் ஆண்டில் அவர் மறைந்த மறுநாள் வைத்தியர் அவ்வாறே செய்தார். நீர் பளிங்குபோலத் தெளிந்திருந்தது. கொள்கை பொய்த்தது, ஆனால் கண் பாதுகாக்கப்பட்டது. 1995ஆம் ஆண்டில் அக்கண்ணின் எச்சத்திலிருந்து மரபணுவைப் பிரித்து ஆராய்ந்த பிரித்தானிய அறிஞர்கள், பச்சைப் பகுதியின் ஒளியை ஏற்கும் நிறமி அவரிடம் இல்லை என்று கண்டனர். ஒரு வினாவுக்கு நூற்றைம்பது ஆண்டு கழித்து விடை சொன்ன கண் வேறொன்று உண்டோ, அறியோம்.

விழித்திரையில் நிறம் காணும் கூம்புக் கலங்கள் மூவகை. குறுகிய அலையை ஏற்பன ஒருவகை, இடைப்பட்டதை ஏற்பன ஒருவகை, நெடிய அலையை ஏற்பன ஒருவகை. பின்னிரண்டின் நிறமிகளை ஆக்கும் மரபணுக்கள் எக்ஸ் நிறவுருவில் அடுத்தடுத்து இருக்கின்றன. பெண்ணுக்கு அந்நிறவுரு இரண்டு. ஒன்று பழுதானாலும் மற்றது தாங்கும். ஆணுக்கு ஒன்றே, பழுதானாற் பழுதுதான். வட ஐரோப்பிய ஆண்களுள் நூற்றுக்கு ஏறக்குறைய எண்மரும், பெண்களுள் இருநூற்றுக்கு ஒருவரும் இக்குறையுடையோர். ஆசிய மக்களிடையே இவ்விகிதம் சற்றுக் குறைவு. குறையுடைய தந்தை தம் மகனுக்கு இதைக் கொடுப்பதில்லை. மகள் வழியாகப் பேரனுக்குக் கொடுக்கிறார். ஆகவே ஒருவனுக்கு இக்குறை உண்டா என்று அறியத் தந்தையைப் பார்த்துப் பயனில்லை. தாய்மாமனைப் பார்க்க வேண்டும். மாமனைப் போல மருமகன் என்று ஊரிற் சொல்வது இங்கே பெரிதும் பொருந்துகிறது.

இயற்கை தந்த இந்தச் சிறு வேறுபாடு சட்டத்தின் கண்ணிற் பட்டது புகையிரதத்தாலும் நீராவிக் கப்பலாலும்தான். பிரித்தானியக் கடற்படைத் தலைமை 1848ஆம் ஆண்டில், நீராவிக் கப்பல்கள் இடப்புறம் செவ்விளக்கும் வலப்புறம் பச்சை விளக்கும் ஏந்த வேண்டும் என்று விதித்தது. அது விரிந்து வளர்ந்து, 1972ஆம் ஆண்டின் அனைத்துலகக் கடல்மோதல் தடுப்பு விதிகளில் இன்றும் நிலைபெற்றிருக்கிறது. இருளில் ஒரு கப்பலின் செவ்விளக்கு மட்டும் தெரிந்தால் அது தன் இடப்புறத்தைக் காட்டிச் செல்கிறது. பச்சை மட்டும் தெரிந்தால் வலப்புறத்தை. இரண்டும் ஒருங்கே தெரிந்தால் அது காண்பவனை நோக்கி நேரே வருகிறது. கண்டக்குழிக்கு மேற்கே செல்லும் பெருங்கலங்கள் யாவும் பேசுவது இம்மொழியே. இங்கு விளக்கு நிற்கும் இடம் பொருள் சொல்வதில்லை. நிறமே பொருள் சொல்கிறது. கடலையும் வீதியையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கக் கூடாது என்பதற்கு இதுவே முதற் காரணம்.

எடின்பரோவைச் சேர்ந்த வைத்திய அறிஞர் யோர்ச் வில்சன், ஆயிரத்துக்கு மேற்பட்டோரைப் பரிசோதித்து 1855ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். புகையிரதத்திலும் கப்பலிலும் செம்மை பசுமை விளக்குகளை நம்பியிருப்பது ஆபத்து என்று அவர் எச்சரித்தார். கேட்டவர் குறைவு. இருபது ஆண்டு கழித்து, 1875ஆம் ஆண்டு நவம்பரில், சுவீடனில் லாகர்லுண்டா என்னுமிடத்தில் இரண்டு கடுகதிப் புகையிரதங்கள் நேருக்கு நேர் மோதி ஒன்பது பேர் மாண்டனர். உப்சாலாப் பல்கலைக்கழக உடற்றொழிலியற் பேராசிரியர் ஹோம்கிரென், இயந்திரச் சாரதியின் நிறக்குருடே இதற்குக் காரணமாகலாம் என்று கருதினார். அந்தச் சாரதியோ விபத்தில் இறந்துவிட்டார். அவர் கண்ணைச் சோதிக்க வழியில்லை. ஆயினும் ஹோம்கிரென் தளரவில்லை. பல நிறக் கம்பளி நூற்கழிகளைக் குவித்து, காட்டிய நூலுக்கு ஒத்தவற்றைப் பொறுக்கியெடுக்கச் சொல்லும் எளிய சோதனையொன்றை வகுத்தார். புகையிரத ஊழியர் 266 பேரைச் சோதித்து, அவருட் பதின்மூவர் நிறக்குருடர் என்று கண்டார். சுவீடன் அச்சோதனையைச் சட்டமாக்கிற்று; மற்ற நாடுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்தன. பிரித்தானிய வர்த்தகச் சபை 1877ஆம் ஆண்டு முதற் கப்பல் அதிகாரிகளுக்கு நிறப் பரிசோதனை நடத்தத் தொடங்கியது.

ஹோம்கிரென் சோதனையில் ஒரு நுட்பம் உண்டு. நிறத்தின் பெயரைச் சொல்லும்படி அவர் யாரையும் கேட்கவில்லை. ஒத்ததை ஒத்ததோடு சேர்க்கும்படிதான் கேட்டார். பள்ளி செல்லாதவனும், வேற்றுமொழி பேசுபவனும், பெயர் தெரியாமற் குழம்புபவனும் இதனால் வீணே தோற்க மாட்டான். ஆனால் வரலாற்றின் விந்தை வேறு விதமானது. லாகர்லுண்டா விபத்தின் விசாரணைப் பதிவுகளை மீண்டும் ஆராய்ந்த இருவர், நிறக்குருடுதான் காரணம் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 2012ஆம் ஆண்டில் எழுதினர். உலகெங்கும் எத்தனையோ பேருக்கு வேலை மறுத்த ஒரு சட்டவரிசை, நிறுவப்படாத ஓர் ஊகத்தினின்றும் பிறந்தது என்றாகிறது. சட்டம் தேவையற்றது என்று இதனாற் கொள்ள வேண்டியதில்லை; புகையிரதச் சாரதிக்கு அது தேவையே. அதன் பிறப்புச் சாட்சிப்பத்திரம் மட்டும் ஐயத்துக்குரியது.

வீதிக்கு நிறவிளக்கு வந்தது புகையிரதத்திடமிருந்து. 1868ஆம் ஆண்டு டிசம்பரில் லண்டன் பாராளுமன்றத்துக்கு அருகே, புகையிரதச் சமிக்ஞைப் பொறியியலாளர் ஒருவரின் யோசனைப்படி, செம்மையும் பசுமையும் காட்டும் எரிவாயு விளக்குக் கம்பமொன்று நாட்டப்பட்டது. அடுத்த மாதமே அது வெடித்துக் காவலரைக் காயப்படுத்திற்று. பின்னர், அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் 1914ஆம் ஆண்டில் மின்விளக்கும், டிற்றோயிற்று நகரில் 1920ஆம் ஆண்டில் மூன்று நிறமுடைய விளக்கும் எழுந்தன. நாளடைவில் ஓர் ஒழுங்கும் பிறந்தது: செம்மை மேலே, மஞ்சள் நடுவே, பச்சை கீழே. வீதிச் சமிக்ஞைகள் பற்றி 1968ஆம் ஆண்டில் வியன்னாவிற் செய்யப்பட்ட உடன்படிக்கை இதனை உறுதி செய்தது. அன்றியும், செவ்விளக்கிற் சிறிது செம்மஞ்சள் சாயலும் பச்சை விளக்கிற் சிறிது நீலச் சாயலும் வருமாறு அமைக்கும் வழக்கமும் பரவிற்று. பலருக்கு இச்சாயல் வேறுபாடே போதும். நிறம் அறியாதவனும் மேலே எரிகிறதா, கீழே எரிகிறதா என்று பார்த்து வண்டி செலுத்தலாம். இதற்கு ஒரே ஒரு புகழ்பெற்ற விலக்கு அமெரிக்காவின் சிரக்கியூஸ் நகரிலுள்ள திப்பெரேரி மேடு. அங்கே குடியிருந்த அயர்லாந்தர், தங்கள் பச்சையின் தலைமேல் ஆங்கிலேயரின் சிவப்பு இருப்பதா என்று விளக்கைக் கல்லெறிந்து உடைத்துக் கொண்டேயிருந்தனர். 1928ஆம் ஆண்டு முதல் அச்சந்தியிற் பச்சை மேலேயும் செம்மை கீழேயும் எரிகின்றன. முன்னறியாத நிறக்குருடர் ஒருவர் அங்கே போய்ச் சேர்ந்தால் அவர் பாடு திண்டாட்டம்.

எனினும் எல்லாத் தொல்லையும் இவ்வாறு தீர்ந்துவிட்டது என்பது மிகை. நள்ளிரவில் தொலைவிலே தனித்து மின்னும் விளக்கிற்கு மேல் கீழ் இல்லை. வீதி விளக்கின் மஞ்சளொளி நடுவே சமிக்ஞையைத் தேடுவதும், சாயும் வெயில் விளக்கின்மேல் விழும்போது அதைப் பிரித்தறிவதும் கடினம். செந்நிறமி இல்லாதவர்க்குச் செவ்வொளி மங்கியே தோன்றும். முன்னால் செல்லும் வண்டியின் தடுப்பு விளக்கை அவர் மற்றவர்களைவிடக் குறைந்த தூரத்திலேயே காண்கிறார். பச்சை நிறமி இல்லாதவர்க்கு இத்தொல்லை இல்லை. ஆகவே நிறக்குருடர் அனைவரையும் ஒரே கூட்டமாகக் கருதுவது தவறு. மறுபுறத்தில், நிறக்குருடரே மிகுதியாக வீதி விபத்துக்குள்ளாகின்றனர் என்பதும் இதுகாறும் தெளிவாக நிறுவப்படவில்லை. தம் குறையை அறிந்தவர் இடைவெளி விட்டும் வேகம் குறைத்தும் ஈடு செய்து கொள்கின்றனர் போலும்.

வைத்தியரின் மேசையிலுள்ள புள்ளிப் புத்தகத்தை ஆக்கியவர் யப்பானியக் கண் வைத்தியர் இஷிஹாரா ஷினோபு. படையினரைத் தேர்வதற்காக அவர் வகுத்த தட்டுகள் 1917ஆம் ஆண்டில் உலகுக்கு வெளிவந்தன. முழுத் தொகுதியில் 38 தட்டுகள். முதற்றட்டில் உள்ள 12 என்னும் இலக்கத்தை எவரும் காணலாம். பொய் சொல்பவனையும் கேள்வி விளங்காதவனையும் பிடிப்பதற்கு அது. எழுத்தறியாதார்க்கு, விரலால் தொடர்ந்து செல்ல வேண்டிய வளைகோடுகள் கொண்ட தட்டுகளும் உண்டு. இச்சோதனையின் வலிமை அதன் கூர்மை. அதன் குறையும் அக்கூர்மையே. வீதியில் எந்த விளக்கையும் பிழையாகக் காணாத இலேசான குறையுடையவனும் இதில் தோற்றுப் போவான். இது குறை உண்டா என்று சொல்லும். அக்குறையோடு வண்டி ஓட்டலாமா என்று சொல்லாது. முதல் வினாவின் விடையை இரண்டாம் வினாவின் விடையாகக் கொண்ட அலுவலகங்கள் உலகெங்கும் பல இருந்தன.

கண்டக்குழியிலிருந்து வெளிநாடு செல்லும் ஒருவன் இவ்வினாவை இரண்டு முறை எதிர்கொள்ள நேரும். முதலாவது சொந்த நாட்டில். இலங்கையிற் சாரதி அனுமதிப்பத்திரம் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் வழியே வழங்கப்படுவது; அதற்குத் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தின் தகுதிச் சான்றிதழ் வேண்டும். அனுமதிப்பத்திரம் கிடைத்தபின், 1949ஆம் ஆண்டின் ஜெனீவா வீதிப் போக்குவரத்து உடன்படிக்கையின்படி சர்வதேச அனுமதிப்பத்திரமும் பெறலாம். அதன் ஆயுள் ஓராண்டே. பயணிக்கு அது போதும். அங்கேயே தங்கி வேலை செய்பவனுக்குப் போதாது. அவன் அந்த நாட்டின் சட்டத்துக்குட்பட்டு மறுபடியும் கண்ணைக் காட்ட வேண்டும். ஊரிற் பத்தாண்டு ஒரு கீறலுமின்றி லொறி ஓட்டியவன் என்பது அந்த மேசையிற் செல்லுபடியாகாது.

அங்கே விதிகள் நாட்டுக்கு நாடு மாறுபடுகின்றன. பிரித்தானியாவில் நிறக்குருடு ஒரு தடையே அன்று; அதை அனுமதிப்பத்திர அலுவலகத்துக்கு அறிவிக்கவும் வேண்டியதில்லை. குடியேறிய இலங்கையர் பன்னிரண்டு மாதம் தம் பழைய பத்திரத்தோடு வண்டி செலுத்தி, அதற்குள் அந்நாட்டுத் தேர்வில் தேறிக்கொள்ள வேண்டும். கண்ணைப் பற்றிய முதற் கேள்வி, இருபது மீற்றர் தொலைவில் நிற்கும் வண்டியின் இலக்கத்தகட்டை வாசிக்க முடிகிறதா என்பதே. அவுஸ்திரேலியாவிலும் சொந்த வண்டிக்கோ வாடகை வண்டிக்கோ நிறப்பார்வை அளவுகோல் இன்று இல்லை. ஐக்கிய அமெரிக்காவில் மாநிலங்களிடையே ஓடும் பெருவண்டிச் சாரதிகளுக்கு மத்திய விதி ஒன்றுண்டு: செம்மை, பச்சை, மஞ்சள் ஆகிய சமிக்ஞை நிறங்களை அறிந்துகொள்ள வேண்டும். புள்ளித் தட்டை வாசிக்க வேண்டும் என்று அது கேட்கவில்லை. மூன்று விளக்கைச் சரியாகச் சொன்னாற் போதும். சொல்லளவிற் சிறிய இந்த வேறுபாடு ஒரு குடும்பத்தின் உலையை எரிய வைக்கவும் அணைக்கவும் வல்லது. இவற்றுக்கு நேர்மாறாக, உருமேனியா நெடுங்காலம் நிறக்குருடர்க்குச் சாதாரண அனுமதிப்பத்திரத்தையும் மறுத்து வந்தது. ஐரோப்பாவிற்குள்ளேயே ஓர் எல்லையைத் தாண்டினாற் சாரதி, தாண்டாவிட்டாற் சட்டவிரோதி!

பாக்கு நீரிணைக்கு அப்பால் இவ்வினா மிகுந்த அலைச்சலுக்குப் பின்னரே விடை கண்டது. இந்தியாவில் 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, விண்ணப்பிப்பவர் தம் கையால் நிரப்பும் முதலாம் படிவத்திலேயே, செம்மை பச்சை நிறங்களை எளிதிற் பிரித்தறிய முடிகிறதா என்றொரு கேள்வி இருந்தது. உண்மை எழுதியவர்க்கு அனுமதி இல்லை. பொய் எழுதியவர்க்குக் கிடைத்தது. நேர்மையாளரைத் தண்டிக்கும் கேள்வி என்று அதனைச் சொல்லலாம். குறையுடையோரிடமிருந்து முறையீடுகள் வந்தபின் வீதிப் போக்குவரத்து அமைச்சு வைத்திய நிபுணரின் கருத்தைக் கேட்டது. இலேசான குறையும் நடுத்தரக் குறையும் உடையோர்க்கு அனுமதிப்பத்திரம் வழங்கலாம், கடுமையான குறையுடையோர்க்கு மட்டும் கட்டுப்பாடு வேண்டும் என்று அவர்கள் தெரிவித்தனர். 2020ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள் வெளியான அறிவித்தல் படிவங்களை அவ்வாறே திருத்தியது. உண்டு, இல்லை என்றிருந்த ஒரு கேள்வி எவ்வளவு என்ற கேள்வியாயிற்று.

சொந்த வண்டிக்கு வழி பிறந்தபின் தொழிலுக்கு வழி எங்கே என்ற வினா நீதிமன்றங்களை அடைந்தது. பூனாவிலுள்ள திரைப்பட தொலைக்காட்சி நிறுவகத்தில் நிறக்குருட்டைக் காட்டி இடம் மறுக்கப்பட்ட மாணவர் ஒருவரின் வழக்கில், 2022ஆம் ஆண்டு ஏப்ரிலில் இந்திய உயர்நீதிமன்றங்களுக்கெல்லாம் மேலான உச்ச நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு ஒக்ரோபரில், தமிழ்நாட்டு மின்சார விநியோகக் கழகத்திற்கு உதவிப் பொறியியலாளராகத் தேர்வு பெற்று இதே காரணத்தால் நியமனம் இழந்த ஒருவரின் வழக்கு அதே மன்றத்தின் முன் வந்தது. அங்கவீனர் உரிமை பற்றிய 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையில் நிறக்குருடு இல்லை. ஆகவே அச்சட்டத்தின் காப்பும் இவர்க்கு இல்லை. முழுத் தகுதியுடையோர் வரிசையிலும் இவர்க்கு இடமில்லை. இரண்டு கதவுகளுக்கும் இடையே நின்றவர்க்கு, நியாயமான இடவசதி செய்து கொடுப்பது நிறுவனத்தின் கடமை என்று மன்றம் கூறி வேலையை வழங்கச் செய்தது.

பொதுமக்களை ஏற்றிச் செல்லும் பஸ் வேறு; அதில் இரக்கத்துக்கு ஓர் எல்லை உண்டு. டெல்லியில் 2008ஆம் ஆண்டில் அரச போக்குவரத்துக் கழகத்தில் நிறக்குருடர் நூற்றுக்கு மேற்பட்டோர் சாரதிகளாகச் சேர்க்கப்பட்டிருந்ததை அறிந்த அந்நகர உயர்நீதிமன்றம், 2024ஆம் ஆண்டு ஜனவரியில் கடுமையாகக் கவலை தெரிவித்தது. அக்கவலையைக் குறைகூற இயலாது. ஒருவன் தன் குறையைத் தானே தாங்கலாம்; ஐம்பது பயணிகள்மேல் அதனை ஏற்றக் கூடாது. ஆனால் பஸ்ஸின் சுக்கானிலிருந்து எழுப்பப்படுபவன் எங்கே போவது? தெலுங்கானா மாநிலப் போக்குவரத்துக் கழகத்தில் 2014ஆம் ஆண்டிற் சாரதியாகச் சேர்ந்து, நிறக்குருடு கண்டறியப்பட்டதால் ஓய்வு கொடுத்து அனுப்பப்பட்ட ஒருவர் இவ்வினாவோடு உச்ச நீதிமன்றம் சென்றார். வேறு பணி கேட்டதும் அவருக்கு மறுக்கப்பட்டிருந்தது. சுக்கானை அவரிடம் திருப்பிக் கொடுக்கும்படி மன்றம் சொல்லவில்லை. அவர் பெற்றுவந்த சம்பளத் தரத்திலேயே பொருத்தமான வேறொரு பணியை எட்டு வாரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்றும், வேலையின்றிக் கழிந்த காலத்துச் சம்பளத்திற் காற்பங்கைச் செலுத்த வேண்டும் என்றும் 2025ஆம் ஆண்டு ஓகஸ்டில் அது கட்டளையிட்டது.